இரண்டு டஜன் தத்துவம்

1793 நவம்பர் 3, ஞாயிறு

சட்டப்படி இன்று ஞாயிறு இல்லை. பாரிஸில் ஞாயிறு என்ற ஒன்றே இனிமேல் கிடையாது. பத்து நாளைக்கு ஒரு ஓய்வு, அவ்வளவுதான். புது நாட்காட்டியை எங்கள் புத்தகக் கடைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். நாளுக்கொரு பெயராக இருந்த புனிதர்களை எல்லாம் விரட்டிவிட்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காய், ஒரு கருவி, ஒரு பிராணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் வான்கோழி நாளாம். வான்கோழியைக் கண்ணால் பார்த்தே ஒரு வருஷம் ஆகிறது. நாட்காட்டியிலாவது இருக்கட்டும்.

நான் பழைய தேதியே எழுதுவேன். என் நோட்டு, என் மை.

நவம்பர் 5, செவ்வாய் (வான்கோழி)

எங்கள் வட்டாரக் குழு தீர்மானம் போட்டுவிட்டது. இனி யாரும் யாரையும் ‘நீங்கள்’ என்று சொல்லக் கூடாது. எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’. ‘நீங்கள்’ என்பது அடிமைப் பேச்சாம்.

சொன்னவன் குழுத் தலைவன் லாந்த்ரி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பிரபுக்களின் தலைக்கு டோப்பா செய்து, மாவு தூவிக்கொண்டிருந்தவன். பிரபுக்கள் ஓடினார்கள், டோப்பா வியாபாரம் படுத்தது, மறுநாளே அவனுக்குச் சமத்துவம் புரிந்துவிட்டது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் நடுப்பகலில் சிவப்புக் குல்லா போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தான்.

“என்ன குடிமகளே, நீ சௌக்கியமா?”

“இருக்கேன். நீ?” என்றேன்.

இவனை ‘நீ’ என்று சொல்ல எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன்! சட்டமே சொல்கிறது என்றால் கசக்குமா? அவன் போகும்வரை நாலைந்து தடவை கூடுதலாகவே சொன்னேன்.

ஆனால் கஸ்பாரைச் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆன நாள் முதல் என் புருஷனுக்கு ‘நீங்க’தான். அவர் ஒன்றும் பெரிதாக மரியாதை சம்பாதித்துவிடவில்லை. புத்தகம் கட்டுவார், அவிழ்ப்பார், தைப்பார், பேச மாட்டார். சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார் — சில வருஷமாக இந்தக் கிறுக்கு. பக்கத்துப் பன்றிக்கறிக் கடை ஒதில் அதைப் பார்த்துவிட்டு, “ஏண்டி பெரின், உங்க வீட்ல யாரு புருஷன்?” என்று கேட்டாள். மானம் போயிற்று. இருந்தாலும் டோப்பாக்காரன் சொல்லி நான் என் புருஷனை ‘நீ’ போடுவதா?

நவம்பர் 12, செவ்வாய்

ரொட்டி வரிசையிலிருந்து திரும்பினால் கஸ்பார் சொல்கிறார்: “லாந்த்ரி வந்தான். கூட அந்த வக்கீல் குமாஸ்தா. விழாவுக்குத் தத்துவம் வேணுமாம்.”

எங்கள் தெருச் சர்ச்சைப் பகுத்தறிவுக் கோயிலாக மாற்றி அதற்கு ஒரு திறப்பு விழா. பீடத்தின் மேல் புரட்சிக்கு விதை போட்ட புத்தகத்தை வைத்து எல்லாரும் வணங்க — மன்னிக்கவும், வணங்கக் கூடாது — மதிக்க வேண்டுமாம்.

வக்கீல் குமாஸ்தாவின் பெயர் பெல்லிசியே. குழுவில் வாய் அவனுடையது. “இந்தப் புரட்சி முதல்ல தலையிலதான் பொறந்துது, அப்புறம்தான் தெருவுக்கு வந்துது” என்பது அவன் பல்லவி. பொது விருப்பம், ஆதி உரிமை, இயற்கை நியாயம் — சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வான்.

தத்துவம்! இவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ராஜா காலத்தில் நாங்கள் சுவிட்சர்லாந்து அச்சகத்துக்கு எழுதுவோம்: ‘இரண்டு டஜன் தத்துவம் அனுப்பவும்.’ தடை செய்த புத்தகம் எதுவானாலும் எங்கள் தொழிலில் அதன் பெயர் தத்துவம். அரசியல் என்றாலும் தத்துவம், கன்னியாஸ்திரி ராத்திரி உடுப்பைக் கழற்றினாலும் தத்துவம். ஜெபப் புத்தகத் தாள்களுக்கு நடுவே சொருகி எல்லாம் ஒரே பொதியில் வரும். போலீஸும் எல்லாவற்றையும் ஒரே நெருப்பில்தான் போடும்.

‘குடிகளின் ஆதி உரிமை’ என்று ஒரு தடிப் புத்தகம். பெல்லிசியே பீடத்தில் ஏற்ற நினைப்பது அதைத்தான். அது ஒரு பொதி வந்தது, பரணில் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை. ஏட்டுச் சுரைக்காயை யார் வாங்குவார்கள்?

நவம்பர் 14, வியாழன்

ரொட்டி வரிசை. சமத்துவ ரொட்டி — பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே தவிடு. பெல்லிசியே அங்கும் வந்து, புரட்சியின் வேர் தத்துவ ஞானிகளின் மேசையில் இருக்கிறது என்று ஆரம்பித்தான்.

ஒதில் விடவில்லை. “நான் எண்பத்தொம்போதுல மழையில நனைஞ்சுக்கிட்டு வெர்சாய் வரைக்கும் நடந்தேன்ப்பா, ராஜாவைக் கூட்டிட்டு வர. என் கையில புத்தகமா இருந்துது? கறிக்கத்திதான் இருந்துது.”

“உனக்கே தெரியாம அந்தக் கருத்து உன்னைக் கூட்டிட்டுப் போச்சு, குடிமகளே.”

“பசி கூட்டிட்டுப் போச்சு. எனக்குத் தெரிஞ்சே.”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் கண்ணைத் திறந்துகொண்டு போய்விட்டான். பசியை வேர் என்றால் அசிங்கமாக இருக்கிறது. புத்தகம் என்றால் கௌரவம். வேரைக்கூட இவர்கள் சலவை செய்துதான் பூமியில் வைப்பார்கள்.

நவம்பர் 20, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் விழா. பகுத்தறிவுத் தேவியாக லாந்த்ரியின் கொழுந்தியாள். படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு, குளிரில் மூக்கு சிவந்து, பீடத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சிவப்புத் தோல் போட்ட புத்தகம். கஸ்பார் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டியது. நன்றாகத்தான் கட்டியிருந்தார்.

பெல்லிசியே ஏறினான். “நம்மைப் பெத்த புத்தகம் இது” என்றான். திறந்தான். முதல் வரியை மணி அடித்தாற்போல வாசித்தான்:

“சகோதரி அகாத் தாழ்ப்பாளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, விளக்கைத் தணித்தாள்.”

‘மடத்து ஜன்னல்’. இந்தத் தெருவிலேயே அதிகம் விற்ற புத்தகம்.

அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினான்கூட. ஆனால் அந்த அமைதியில், பின்னாலிருந்து ஒரு குரல் அடுத்த வரியை மனப்பாடமாகச் சொன்னது. தூணோரத்திலிருந்து இன்னொருவன் அதற்கடுத்த வரியை. பிறகு ஒரு கசாப்புக்காரன், “பக்கத்தைத் திருப்புப்பா, சாமியார் வர்ற எடம்” என்றான். முழுக் கோயிலும் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தேவியும் சிரித்தாள். விரிப்பு நழுவியது.

சாயங்காலம் வந்து கஸ்பாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பகுத்தறிவை அவமானப்படுத்தினாராம். பிரபுக்களின் சதியாம்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஜனங்க ஆசையா வாங்கின தத்துவம் எதுவோ அதைக் கொண்டான்னு கேட்டாங்க, பெரின். அதைத்தானே குடுத்தேன்.”

ஒரு வார்த்தை. ஒரு பாழாய்ப்போன தொழில் வார்த்தை. எந்தப் புத்தகத்தைக் கட்டுகிறீர்கள் என்று நான் அவரைக் கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. இளக்காரம் பண்ணிக்கொண்டு இருந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

அவரை ஒரு பழைய கன்னியர் மடத்தில் அடைத்திருக்கிறார்கள். மடத்து ஜன்னல். சிரிக்கவா அழவா?

நவம்பர் 25, திங்கள் (பன்றி நாள்)

நான் பெயர் வைக்கவில்லை. நாட்காட்டியில் அப்படித்தான் இருக்கிறது. குழு கூடியது.

கஸ்பாரைப் புரட்சி நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். அங்கே போனவர்கள் வண்டியில் ஏறி ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகிறார்கள்.

நான் பொறுமையாகவே ஆரம்பித்தேன். தொழிலில் தத்துவம் என்றால் என்ன என்று விளக்கினேன். தவறிப்போனது ஒரு சொல், மனுஷன் இல்லை என்றேன்.

பெல்லிசியே உதட்டைச் சுழித்தான். “கேவலமான சரக்குக்கெல்லாம் தத்துவம்னு பேர் இருந்துதுங்கறே. இதுக்கு யாரு சாட்சி?”

அங்கேதான் என் நாக்கு என்னைவிட்டுப் போயிற்று.

“நீங்கதான் சாட்சி. ஒருத்தர் பாக்கியில்லாம கடைப் பின்வாசல் வழியா வந்து ‘தத்துவம் இருக்கா’ன்னு கேட்டவங்கதானே? லாந்த்ரி, நீ வாங்கினது ‘மடத்து ஜன்னல்’, படம் போட்ட பதிப்பு. பெல்லிசியே, உனக்கு அந்த மூணாம் பாகம் வர்ற வரைக்கும் தூக்கம் இல்லை. தடிப் புத்தகத்தை உங்கள்ல ஒருத்தனாவது தொட்டீங்களா? தலையில பொறந்துதாம் புரட்சி! எந்தத் தலை?”

நன்றாக இருந்தது. சொல்லி முடிக்கிறவரை மிக நன்றாக இருந்தது.

பிறகு லாந்த்ரியின் முகம் அவன் பழைய மாவு மாதிரி ஆனது. பெல்லிசியே பேனாவைத் தொட்டு எழுதினான். எழுதியதை வாசித்தும் காட்டினான்: மனைவியும் குழுவை அவதூறு செய்தாள், குடும்பமே சந்தேகத்துக்குரியது.

நவம்பர் 26

நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டால் பரவாயில்லை. அவரையும் கெடுத்தேன். பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது?

நவம்பர் 29, வெள்ளி

மடத்துக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். இளைத்திருக்கிறார். கன்னத்தில் நரைத்த முள். நான் குழுவில் பேசியதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

“படம் போட்ட பதிப்புன்னும் சொல்லிட்டியா?” என்றார்.

“சொல்லிட்டேங்க.”

“அடப்பாவமே” என்றார். அவ்வளவுதான். மோவாய் கொஞ்சம் ஆடியது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது, “காலுக்குக் கம்பளி உறை கொண்டா. அப்புறம் பரண்ல இருக்கிற அந்தப் பொதியில, அடியில ஒண்ணு இருக்கும். அதையும்” என்றார்.

“எதுங்க?”

“பிரிச்சது.”

நவம்பர் 30, சனி

பரணில் ஏறினேன். ‘ஆதி உரிமை’ப் பொதி, எலி மூத்திர நாற்றம். மேலே இருந்தவை எல்லாம் பக்கம் வெட்டாமல், அச்சகத்திலிருந்து வந்த மடிப்பு கலையாமல். படிக்க வேண்டுமானால் அந்த மடிப்பைக் கத்தியால் வெட்டித்தான் பிரிக்க வேண்டும். அடியில் ஒன்று. பக்கங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன. கத்தி கஸ்பாருடையது, எனக்குத் தெரியும். இடது மூலையில் கொஞ்சம் கிழிப்பார். ஓரம் தேய்ந்திருந்தது. மெழுகு சொட்டியிருந்தது. பாதிக்குமேல் பல இடத்தில் பன்றிக்கொழுப்புப் பட்ட கையின் கறை. ஒரு தடவை படித்தால் ஒரு புத்தகம் இப்படி ஆகாது.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊரெல்லாம் எவனும் படிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டிருந்தேன். படித்தவர் என் சமையலறையில் உட்கார்ந்து கிண்ணம் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

டிசம்பர் 1, ஞாயிறு

காவல்காரன் கம்பளி உறையை வாங்கிக்கொண்டான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். கைதிக்கு அச்சடித்தது எதுவும் கூடாதாம். அதுவும் ‘ஆதி உரிமை’யை. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

டிசம்பர் 5, வியாழன்

பின்வாசலில் தட்டும் சத்தம். பழைய தட்டு — இரண்டு, நிறுத்தி ஒன்று. திறந்தால் லாந்த்ரி. குல்லா இல்லை.

“பெரின் அம்மா, கொஞ்சம் உள்ள வரலாமா?”

‘அம்மா’! ‘வரலாமா’! சமத்துவம் முன்வாசலோடு நின்றுவிட்டது போலிருக்கிறது.

விஷயம் இதுதான். மேலிடம் எல்லாக் குழுக்களையும் சலிக்கப் போகிறது. ஒவ்வொருத்தனையும் மேடையில் ஏற்றி, ஊர் முன்னால், எண்பத்தொன்பதுக்கு முந்தி நீ என்ன கருத்தோடு இருந்தாய் என்று கேட்பார்கள். சரியான பதில் இல்லாதவன் கஸ்பார் இருக்கும் இடத்துக்குப் போவான். விழாக் கதை வேறு ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது.

“நீங்க எழுந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். லாந்த்ரி அந்தக் காலத்துலயே, உசிரைப் பணயம் வெச்சு, ‘ஆதி உரிமை’ வாங்கினான்னு. கடைக்காரி நீங்க. உங்க சொல்லுக்கு மேல சாட்சி ஏது?”

“நான் அவதூறு பேசறவ ஆச்சே.”

“அது பெல்லிசியே எழுதினது. அவனே நாளைக்கு வருவான், பாருங்க.”

“கஸ்பார்?”

“வார்த்தைத் தப்புன்னு முடிச்சுடறோம். கூட்டம் முடிஞ்ச அஞ்சு நாள்ல வீட்ல இருப்பாரு.”

“முன்னாடியே விடு.”

“முன்னாடி விட்டா நீங்க சொல்ல மாட்டீங்களே.” டோப்பாக்காரன் என்றாலும் முட்டாள் இல்லை.

பிறகு, கையில் பிடித்துக் காட்ட ஒரு பிரதி வேண்டும் என்றான். பரணிலிருந்து ஒன்று கொண்டுவந்து போட்டேன். வெட்டாத பக்கங்களைத் தடவிப் பார்த்தான். “இது புதுசா இருக்கே” என்றான். கண் மேசைக்குப் போனது. அங்கே கஸ்பாருடைய பிரதி கிடந்தது.

“அதுதான் வேணும். அதுலதான் படிச்ச களை இருக்கு.”

“அது விக்கறதுக்கு இல்லை.”

“அது இல்லாட்டி நான் மாட்டிக்குவேன். நான் மாட்டிக்கிட்டா உங்க புருஷன் பேரைப் பட்டியல்லருந்து யாரு வெட்டறது?”

என்ன செய்வது? கொடுத்தேன். புருஷன் படித்த புத்தகத்தைக் கொடுத்துப் புருஷனை வாங்குகிறேன். இரண்டு கையாலும் வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, பழைய நாட்களில் ‘மடத்து ஜன்னலை’ வைத்துக்கொண்டு போவானே, அதே பதுங்கலோடு போனான்.

டிசம்பர் 6

பெல்லிசியே வந்தான். கண்ணை மூடவில்லை.

டிசம்பர் 11, புதன்

குழுவில் பாக்கி எல்லாரும் வந்தாயிற்று. ஒருத்தர் வரும்போது இன்னொருத்தர் கறிக்கடைப் பக்கம் ஒளிந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் பழைய பிரதி வேண்டும். ஒதில் உதவிக்கு வந்தாள். அவள் பக்கங்களை வெட்ட, நான் ஓரத்தில் அடுப்புக்கரி தேய்த்து, காபி மண்டியைத் தெளித்து, மெழுகு சொட்டினேன்.

“இவனுக்கு எத்தனை சொட்டு?” என்றாள் ஒதில்.

“ஒயின் கடைக்காரனா? மூணு. அதுக்கு மேல படிச்சான்னா யாரும் நம்ப மாட்டாங்க.”

“பெல்லிசியேவுக்கு?”

“கண்ணீர் விட்ட மாதிரி இருக்கணுமாம். கேட்டுட்டுப் போனான்.”

ஒதில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். என்றைக்காவது ஒரு பண்டிதன் மூக்குக் கண்ணாடியோடு வந்து, இந்தப் புரட்சியின் வேர் எது என்று தேடுவான். இந்தப் பிரதிகள் கிடைக்கும். ‘ஆஹா, தெருவுக்குத் தெரு படித்திருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள்’ என்று அவனும் அழுவான். பன்றிக்கறிக் கடை உப்பு அது, அப்பனே.

டிசம்பர் 20, வெள்ளி

கூட்டம். ஒவ்வொருத்தன் பெயருக்கும் எழுந்தேன். “ஆமாம், வாங்கினான். எண்பத்திநாலுல.” உட்கார்ந்தேன். எழுந்தேன். “ஆமாம், வாங்கினான். மழை நாள். கை நடுங்க வாங்கினான்.” மூன்றாவது ஆளுக்கு மேல் எனக்கே பழகிவிட்டது. வாய் பொய் சொல்லும்போது மனசு கம்பளி உறை பின்னிக்கொண்டிருந்தது.

லாந்த்ரி புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கினான். “பாருங்க, இந்தக் கறை. இது உழைக்கிற கையோட கறை” என்றான். அது மட்டும் உண்மை. கைதான் அவனுடையது இல்லை.

பிறகு எங்கோ திறந்து ஒரு வரி வாசித்தான்: “எஜமான் இல்லாத நாடு எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள்.”

அங்கேயே நிறுத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தூணோரத்தில் யாரும் அடுத்த வரியைச் சொல்லவில்லை. அந்தக் கசாப்புக்காரன் கொட்டாவி விட்டான்.

ஒருமனதாகத் தேறினார்கள். பெல்லிசியேவுக்கு மேலிடத்தில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது.

டிசம்பர் 23

இன்னும் வரவில்லை. லாந்த்ரி தெருவில் என்னைப் பார்த்துக் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, “பொறு குடிமகளே, நீ பொறு” என்றான். மறுபடியும் நீ. ஏமாந்துவிட்டேனா? அந்த நாய் மகன் ஏமாத்திட்டானா?

டிசம்பர் 25, புதன்

நாட்காட்டியில் இன்று நாய் நாள். மணி இல்லை, பூசை இல்லை. மணிகளைப் பீரங்கிக்கு உருக்கிவிட்டார்கள்.

மத்தியானம் கதவு திறந்தது. தட்டவில்லை. வந்து, வழக்கமாக உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். நாற்றம் தாங்கவில்லை. முட்டைக்கோஸ் சூப்பும் சமத்துவ ரொட்டியும் வைத்தேன். ஒதில் ரகசியமாக ஒரு துண்டு கொழுப்புக் கொடுத்திருந்தாள், அதையும் போட்டேன். சாப்பிட்டார். நானும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நடந்ததெல்லாம் சொன்னேன். பொய்ச் சாட்சி, உப்புத் தண்ணீர், எல்லாம். கடைசியில்தான் அதைச் சொல்ல முடிந்தது.

“உங்க புத்தகம் போச்சுங்க. லாந்த்ரிக்குக் குடுத்துட்டேன்.”

கரண்டி ஒரு கணம் நின்றது. “போகட்டும். அவனாவது படிக்கட்டும்.”

“அவன் படிக்க மாட்டான். ஒரு வரி வாசிச்சான், அதுக்கே மூச்சு வாங்குச்சு. ‘எஜமான் இல்லாத நாடு எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள்’னு. அதோட மூடிட்டான்.”

அவர் ரொட்டியால் கிண்ணத்தை வழித்தார். வாயில் ரொட்டியோடு, தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார்:

“‘அவரவர் கிண்ணத்தை அவரவர் கழுவுகிற வீடு போல இருக்கும்.’”

சொல்லிவிட்டு எழுந்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாளிப் பக்கம் போனார்.

 அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் கழுவுகிறேன், வையுங்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

“என்னதையும் சேர்த்துக் கழுவு” என்றேன்.

‘கழுவுங்க’ என்று வரவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டார்.